கதிரோடு வந்த வைக்கோல்

முதலில் ஒரு திருத்தம். மலைமேல் அரியூர் நாட்டில் நீ நடத்திவந்த வைக்கோல் வீட்டைக் கட்டியவள் நான் என்ற பேச்சு மலையை விட்டு இறங்கிக் காளப்பநாயக்கன்பட்டிக் கடைவீதிவரை வந்துவிட்டது. என் கொழுந்தனார் மகன் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். நேற்றுத் தபால் ஆபீசில் முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். முழங்கால் வலிக்காக உட்கார்ந்தேன். ஆனால் பேச்சு பொய். அந்த வீட்டை நான் கட்டவில்லை. கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பதினொரு நாள் நிறுத்திவைத்தேன். அது உனக்குத் தெரியும், செல்லிக்குத் தெரியும், அங்கே இருக்கிற பத்தொன்பது வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். தெரிந்தும் இப்படி ஒரு பேச்சு எப்படிக் கிளம்பியது என்பதுதான் இரண்டு நாளாக என்னை உட்காரவிடாமல் செய்கிறது.

முந்தாநாள் மிளகு மூட்டையோடு இறங்கிவந்த ஆள் என் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தான். சாக்குத் துணியைப் பிரித்தால் உன் மூங்கில் ஊசி. ஒன்றரை முழ நீளம், காய்ச்சிய கம்பியால் சுட்டுத் துளைத்த காது, கை பட்டுப் பட்டு வழுவழுப்பான நடுப்பகுதி. மூக்கருகே கொண்டுபோனேன். பதின்மூன்று வருஷத்துப் புகை, கற்றாழை நார், அடியில் எங்கேயோ பழைய வைக்கோல். மருமகள் வந்து, "அத்தை, என்னங்க அது?" என்று கேட்டாள். ஊசியை அவள் கையில் கொடுத்தேன்.

ஊசியோடு செல்லியின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள். "நர்சம்மா பங்குனி கடசீல போயிட்டாங்க. ஊட்டுக்குப் பின்னாடியே வெச்சுட்டோம். ஊசி உங்களுக்குன்னு சொல்லீட்டுப் போனாங்க. ஊட்டு முன்னால கல்லு நடறோம். நர்சம்மா பேரும் உங்க பேரும் வெட்டறோம்."

நீ போன செய்தியை இப்படித்தான் அறிந்தேன். தகவல் சொல்லியனுப்பியிருந்தாலும் இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் மலை ஏறியிருக்க முடியாது. இந்தக் கடிதமாவது ஏறட்டும். உன்னைப் புதைத்த மேட்டருகே நின்று செல்லி இதை உனக்கு வாசிப்பாள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள் என்பதால் கடினமான சொற்களைத் தவிர்த்திருக்கிறேன். உலகச் சண்டையால் காகிதம் கிடைப்பதில்லை. தாளின் இரண்டு பக்கமும், ஓரம் விடாமல் எழுதுகிறேன். நம் மடத்துப் பள்ளியில் இதற்கே முட்டி போட வைத்திருப்பார்கள்.

அந்தப் பள்ளியில்தான் இதன் ஆரம்பமும் இருக்கிறது. திருச்சியில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தபோது நாம் இருவரும் தையல் வகுப்பில் ஒரே பெஞ்சு. நேர்கோட்டை விட்டுத் தையல் ஒரு நூல் விலகினாலும் தையல் சிஸ்டர் விரலால் தொட்டுக்காட்டி, "பிரி" என்பார். காரணம் சொல்ல மாட்டார். கேட்கவும் கூடாது. உன் கைக்குட்டையை எத்தனை முறை பிரித்திருப்பாய்! கடைசியில் அது சல்லடை மாதிரி ஆகிவிட்டது. என் கைக்குட்டையை வகுப்பு முழுவதும் சுற்றிக் காட்டினார்கள். நீ சிரித்துக்கொண்டே தோற்றாய். நான் "பிரி" என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு வெளியே வந்தேன். புகுந்த வீட்டில் முப்பது வருஷம் அதையே பயன்படுத்தினேன். பந்தல்காரன் கட்டிய முடிச்சு, சமையற்காரி அடுக்கிய விறகு, மகனின் கையெழுத்து எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னேன். பெரும்பாலும் நான் சொன்னது சரியாகவே இருந்தது. அதுதான் ஆபத்து என்று அப்போது தெரியவில்லை.

நீ கல்யாணம் வேண்டாமென்று மதராசுக்குப் போய் நர்ஸ் வேலை படித்தாய். பிறகு யாரும் போகாத மலையைத் தேடிப் போனாய். வருஷத்துக்கு இரண்டு கடிதம். என் வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம் முடிந்த தை மாதத்தில் வந்தது மட்டும் நீளமான கடிதம்.

அங்கே குடியிருக்கிற வீட்டில் பிரசவம் பார்க்கும் வழக்கமில்லை என்று எழுதியிருந்தாய். ஊருக்கு வெளியே தட்டி மறைத்த ஒரு சின்னக் குடிசை. சாரலும் பனியும் தட்டிக்குள் புகுந்து வரும். பிறந்த பிள்ளைகள் குளிரிலேயே அடங்கிப்போகின்றன. செல்லி என்று ஒருத்தி, அப்படி இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், இப்போது மூன்றாவதைச் சுமக்கிறாள். ஆடியில் பிறக்கும். அதற்குள் ஒரு சூடான அறை வேண்டும். மரம் வெட்ட ரிசர்வ் காட்டில் அனுமதியில்லை, செங்கல் ஏற்ற ரோடு இல்லை, கல் சுவர் குளிரும். மதராஸ் ஆஸ்பத்திரியில் உன்னோடு வேலை பார்த்த ஓர் அமெரிக்கக்காரி, மரமே இல்லாத தன் ஊர்ச் சமவெளியில் வைக்கோலை அழுத்திக் கட்டிச் சுவர் எழுப்புவார்கள் என்று சொல்லிப் படம் போட்டுக் கொடுத்தாளாம். அதைப் பார்த்து நீயும் நகல் போட்டு அனுப்பியிருந்தாய். கோடு கோணல்தான். கீழே ஒரு வரி: "கூலிக்கு ஆள் வைக்கவில்லை. வருகிறவர்கள் தாமாக வருகிறார்கள். நீயும் வா, உன் கண் வேண்டும்."

நான் பதில் எழுதினேன். "வைக்கோல் மாட்டுக்கு. மனிதருக்குச் சுவர் வேண்டும்."

நீ எழுதியது ஒரே கேள்வி. "மார்கழியில் பிறக்கிற கன்றுக்குட்டியை உன் தொழுவத்தில் எதன் மேல் கிடத்துவாய்?"

மாசி மாதம் வந்தேன். டோலி வேண்டாமென்று நடந்தேன். விடிந்ததும் அடிவாரத்தில் கால் வைத்து, உன் வாசலில் உட்காரும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஐம்பது வயதில் அப்படி ஏறியது எனக்கே பெருமையாக இருந்தது. நீ தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஏன் அம்மணி, இன்னிக்கே ஆரம்பிக்கலாமா?" என்றாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணங்களில் அது ஒன்று.

மேட்டில் இடுப்பளவுக்குக் கல் அடித்தளம் போட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் பெரிய மரப்பெட்டி. இரண்டு முழம் நீளம், ஒரு முழம் அகலம், அடியில்லாதது. அதில் வைக்கோலைப் போட்டு இரண்டு பேர் ஏறி மிதிப்பார்கள். மேலே பலகை வைத்து, நீண்ட கழியால் நெம்பி நான்கு பேர் அமுக்குவார்கள். கற்றாழை நார்க் கயிற்றை இரண்டு இடத்தில் இழுத்துக் கட்டிப் பெட்டியைத் தூக்கினால், உள்ளேயிருந்து ஒரு கட்டி இறங்கும். தலைக்கு வைக்கும் திண்டு போல இருந்ததால் அதற்குத் திண்டு என்றே பேர் வைத்திருந்தார்கள். நான் கையால் குத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போகவில்லை.

வயிற்றைத் தாங்கிக்கொண்டு கயிறு திரித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதுதான் செல்லி.

"ஏனுங்கம்மா, நீங்கதான் கீழூரம்மாவா? ஒண்ணு கேக்கட்டுங்களா? மாட்டுத் தீனியில ஊடு கட்டறோமே, பசிச்சா மாடு ஊட்ட மேஞ்சுபோடாதுங்களா?"

"மேய்ந்தால் நீ பார்த்துக்கொள்" என்றேன் நான்.

"நா உள்ள புள்ளையப் பாக்கறதா, வெளிய மாட்டப் பாக்கறதா?" என்றாள். கழியில் தொங்கிக்கொண்டிருந்த நான்கு பேரும் சிரித்ததில் பலகை நழுவியது. நான் அதட்டினேன்.

முதல் திண்டு வைத்த காலை உனக்கு நினைவிருக்கும். கீழே எங்கள் ஊரில், வெள்ளைப் புடவைக்காரி ஒரு வீட்டின் முதல் கல்லுக்கு எதிரே நிற்க மாட்டாள். யாரும் சொல்லாமலே நான் மேட்டுக்குப் பின்புறம் போய், வைக்கோல் போரின் மறைவில் நின்றுகொண்டேன். ஊர்க்கவுண்டரின் மனைவி, பெரிய உடம்பு, பெரிய குரல், என்னைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார்.

"இங்க என்னுங்க பண்றீங்க?"

நான் காரணத்தைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"புருசன் போனா கையும் போயிருமுங்களா? வாங்க, ஒரு பக்கம் புடிங்க."

முதல் திண்டின் ஒரு பக்கத்தை அவரும் மறு பக்கத்தை நானும் பிடித்து வடகிழக்கு மூலையில் வைத்தோம். ஒரு வருஷமாக எந்த நல்ல காரியத்திலும் நான் எதையும் தொட்டிருக்கவில்லை. அதை உன்னிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நான் உற்சாகமாகிவிட்டேன். உற்சாகம் வந்தால் எனக்குக் கண்டிப்பும் வரும். சுவர் நேராக எழுகிறதா என்று பார்க்கும் தூக்குநூல் என் கையில். மூங்கில் ஊசியும் என் கையில். வாசலுக்கும் ஜன்னலுக்கும் பாதித் திண்டுகள் வேண்டும். ஊசியில் கயிறு கோத்து முழுத்திண்டின் நடுவே செலுத்தி, இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கட்டிவிட்டுப் பழைய கட்டை அறுக்க வேண்டும். அதை என்னைப் போல யாரும் செய்யவில்லை என்று நீயே சொன்னாய். மூன்று வரிசை எழும்பியது. தூக்குநூல் சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றது. தையல் சிஸ்டர் பார்த்திருந்தால் அந்தச் சுவரையும் வகுப்பு முழுவதும் சுற்றிக் காட்டியிருப்பார்.

பிறகு அந்த நாள் வந்தது. ஒரு திண்டைப் பாதியாக்கும்போது உள்ளே நெற்கதிர் இருந்தது. நெல் உதிராத முழுக் கதிர், ஒரு பிடி. அடுத்ததைப் பார்த்தேன். அதிலும் ஒரு பிடி. அடித்துத் தூற்றிய வெறும் நெல்தாள்தான் வேண்டும் என்று எல்லோரிடமும் முதல் நாளே சொல்லியிருந்தேன். நெல் இருந்தால் எலி வரும், எலி வந்தால் சுவர் போகும். இதில் நான் சொன்னது சரி. இன்றும் சொல்வேன், சரி.

அடுக்கி வைத்திருந்த திண்டுகளில் கதிர் நீட்டிக்கொண்டிருந்த முப்பத்தொன்றை இழுத்துப் போட்டேன். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் அரிவாளை எடுத்துக் கயிறுகளை அறுத்தேன். "ஒழுங்காக அடிக்கக்கூடச் சோம்பேறித்தனமா? எல்லாம் திரும்பிப் போகட்டும், அடித்துச் சுத்தமாகக் கொண்டுவாருங்கள்" என்றேன். குரலை உயர்த்தவில்லை. என் குரல் உயராது. அது இன்னும் மோசம் என்று மருமகள் சொல்வாள்.

அவரவர் வைக்கோலை அவரவர் வாரித் தலையில் வைத்துக்கொண்டு மேட்டை விட்டு இறங்கினார்கள். ஊர்க்கவுண்டர் மனைவி கடைசியாகப் போனார். அவர் கதிரை மட்டும் தனியாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை மேட்டில் யாருமில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்று வரிசைச் சுவர் தலை திறந்தபடி நின்றது. தெற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. ஒரு கோடை மழை போதும், எல்லாம் மக்கி உரக்குழியாகிவிடும். நீயும் நானும் இருக்கிற பாய்களையெல்லாம் சுவரின் தலையில் போட்டுக் கல் வைத்தோம். செல்லி மட்டும் வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்து கயிறு திரித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நீ என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ சுக்கு மல்லித் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கேட்டியா?" என்றாய்.

"எதை?"

"கதிரை ஏன் வெச்சாங்கன்னு."

"இதில் கேட்க என்ன இருக்கிறது? சோம்பேறித்தனம்."

"எனக்கும் காரணம் தெரியாது அம்மணி. அதனாலதான் கேக்கறேன். நீ கேட்டியா?"

நான் கேட்கவில்லை. கேட்பது எனக்கு வராது. அதற்குப் பிறகும் மூன்று நாள் கேட்காமல் இருந்தேன். கீழே போய்விடுவதாகக்கூட மூட்டை கட்டினேன். நீ தடுக்கவில்லை, வழிக்குத் தின்னக் கொழுக்கட்டை செய்து வைத்தாய். அந்தக் கொழுக்கட்டைதான் என்னை நிறுத்தியது. ஒரு வார்த்தையாவது சொல்லியிருந்தால் நான் இறங்கிப் போயிருப்பேன்.

செல்லியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். "கதிரை ஏன் வைத்தார்கள்?" என்று கேட்டேன். ஐம்பது வயதில் நான் விடை தெரியாமல் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன்.

அவள் கயிற்றைக் கீழே வைத்தாள். "புள்ளத்தாச்சி ஊட்டுக்கு வெறுந்தாளக் குடுப்பாங்களாம்மா? வெறும் முறத்த நீட்டுவாங்களா? வெறும் வயித்தோட போன்னு சொல்ற மாதிரி ஆயிராதுங்களா? அதான் ஊட்டுக்கு ஊடு ஒரு புடி கதிர அடிக்காம வெச்சாங்க. போன வருசம் மழையில்ல. வெதநெல்லுலருந்து எடுத்து வெச்சவங்களும் இருக்கறாங்க."

பிறகு, எதையோ எண்ணிப் பார்ப்பவள் போலச் சொன்னாள்: "எனக்கு ரெண்டு தடவ வெறுங்கையி. அதுக்காவத்தான் வெச்சாங்க. நீங்க அறுத்துப் போட்டீங்க."

எழுந்து போய், கட்டி வைத்திருந்த மூட்டையைப் பிரித்தேன்.

அந்த மலையில் பத்தொன்பது வீடு என்றால் ஒரே தெருவில் இல்லை. ஒரு வயலுக்கு ஒரு வீடு, ஒரு சரிவுக்கு இரண்டு வீடு. சுற்றி முடிக்க ஆறு நாள் ஆயிற்று. முதலில் ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கேழ்வரகுக் களியும் கீரையும் போட்டார். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது கேட்டார்:

"இப்ப என்னுங்க, கேக்க வந்தீங்களா, சொல்ல வந்தீங்களா?"

"கேட்க வந்தேன்."

"அப்பக் கேளுங்க."

"நான் செய்தது தவறு. வைக்கோல் வேண்டும்" என்றேன். பிறகு, "கதிரோடு வேண்டும்" என்றேன்.

அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் திரும்பி, மலை முழுவதும் கேட்கும்படி கத்தினார். "ஏனுங்க! இங்க வாங்க! கீழூரம்மா கதிரோட வேணுங்குறாங்க!" எங்கேயோ இருந்து அவர் வீட்டுக்காரரின் சிரிப்பு கேட்டது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அடுத்த பதினெட்டு வீட்டிலும் நான் போவதற்கு முன்பே செய்தி போயிருந்தது. சில வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் ஒரு கிழவர், "வெதநெல்லுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவுப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் இரண்டு முறை கேட்டேன்.

எலிக்கு வழி சொன்னவள் செல்லி. "கதிரத் திண்டுக்குள்ள வெக்க வேண்டாம், நெல்ல உருவிப் பூசற மண்ணுல போட்டுப் பெசையுங்க. சொவத்துல இருந்தாச் சரிதானுங்க." நீ என்னைப் பார்த்தாய். நான் ஒப்புக்கொண்டேன்.

எண்பத்து நான்கு திண்டு. மழை எங்களுக்கு நான்கு நாள் கூடுதலாகக் கொடுத்தது. கூரைக்கு மலைப்புல் வேய்ந்து, இறவாரத்தை இரண்டு முழம் நீட்டிவிட்ட மறுநாள் ஆலங்கட்டியோடு கொட்டியது. சுவர் நனையவில்லை. பிறகு செம்மண்ணும் சாணமும் நறுக்கிய தாளும் குழியில் போட்டு மிதித்தார்கள். வீட்டுக்கு ஒருவராகக் குழியின் ஓரம் நின்று தங்கள் பிடி நெல்லை மண்ணில் தூவினார்கள். அந்தக் கிழவரும் வந்து தூவினார். உள்ளும் புறமும் கையாலேயே பூசினோம். என் கைரேகை வடக்குச் சுவரில் இருக்க வேண்டும்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, காலையில் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தேன். வீடு பச்சையாக இருந்தது.

இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் சரியாகக் கேட்டதில்லை. பூசணம் என்று நினைக்கிறார்கள். நான்கு சுவரும் அடியிலிருந்து இறவாரம்வரை நெல் முளைத்திருந்தது. ஒரு விரல் உயரம், நாற்றங்கால் போல. ஒவ்வொரு முளையின் நுனியிலும் ஒரு சொட்டுப் பனி. வெயில் மேட்டுக்கு ஏறியதும் முழுச் சுவரும் ஒரே நேரத்தில் மின்னியது. பூமி எழுந்து நிமிர்ந்து நிற்பது போல இருந்தது. பள்ளியில் தேவாலயத்துக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்த்து நாம் வாய் பிளப்போமே, அங்கெல்லாம் எனக்கு அண்ணாந்து பார்க்கத் தோன்றியிருக்கிறது. இங்கே உட்காரத் தோன்றியது. ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் என் கை என்ன தேடியது தெரியுமா? சுரண்டுவதற்குக் கத்தியைத் தேடியது. பூச்சில் முளை வந்தால் வெடிப்பு வரும் என்று புத்தி சொன்னது. பிறகு உன் "கேட்டியா" காதில் விழுந்தது. நீ அங்கே இல்லை, உள்ளே அடுப்படியில் இருந்தாய். ஆனாலும் விழுந்தது. மேடேறி வந்துகொண்டிருந்த ஊர்க்கவுண்டர் மனைவியிடம், "இதை என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன்.

அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். "ஒண்ணும் பண்ணாதீங்கம்மா" என்றார். "நின்னு பாருங்க."

எல்லோரும் வந்து நின்று பார்த்தார்கள். அந்தக் கிழவர் சுவரருகே போய் முளையைத் தொடாமல் உள்ளங்கையை அதன் மேல் வைத்தபடி நின்றார். செல்லி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, பாருங்க, பாருங்க!" என்று கத்தினாள். ஊர்க்கவுண்டரின் செவலைக் காளை தும்பை அவிழ்த்துக்கொண்டு வந்து, மேற்குச் சுவரை நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. "அப்பவே சொன்னனா இல்லீங்களா!" என்றாள். நான் அதைத் துரத்தும்போது சிரித்தேன். அதற்கு முந்தின ஒரு வருஷத்தில் நான் சிரித்த நினைவில்லை.

வைகாசி வெயிலில் முளைகள் காய்ந்து உதிர்ந்தன. சுவரில் சின்னச் சின்னத் துளைகள் மட்டும் இருந்தன. நீ மேலே ஒரு மெல்லிய பூச்சுப் பூசி மூடினாய். வாசலுக்கு உட்புறம் ஓர் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் பூசாமல் விட்டாய். கேட்டதற்கு, "சுவருக்குள்ள என்ன இருக்குன்னு யாரும் மறக்கக் கூடாது" என்றாய்.

ஆடி வந்தது. ஒரு வாரத்துக்கு என்று வந்தவள் ஆறு மாதமாக அங்கே இருந்தேன். மகன் இரண்டு கடிதம் போட்டுவிட்டான். சாரல் விடாமல் அடித்த ஒரு காலை நேரத்தில் செல்லியை உள்ளே அழைத்துப் போனாய். என்னை வெளியே நிற்கச் சொன்னாய். "உனக்கு இங்க பிரிக்க ஒண்ணுமில்ல" என்றாய். இறவாரத்தின் கீழே கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றேன். விரல்கள் மரத்துப் போயின. எதிரே பத்து அடி தூரத்தில் இருந்த பழைய தட்டிக் குடிசை பனியில் தெரியவில்லை. இரண்டு முறை அவள் அதற்குள் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தாள் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டு சுவரில் கை வைத்தேன்.

சுவரின் வெளிப்புறம் ஈரமாகக் குளிர்ந்தது. உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முழ அகலத்துக்கு அழுத்திய வைக்கோலுக்குள் சத்தமும் புகாது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கதவு திறந்தது. முதலில் சூடு வந்தது. மூட்டிய அடுப்பின் சூடு இல்லை, கன்று படுத்து எழுந்த இடத்தில் கை வைத்தால் இருக்குமே, அந்தச் சூடு. அதற்குப் பிறகுதான் அழுகை கேட்டது. நீ என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாய். பெண் குழந்தை. செல்லி அதன் உள்ளங்காலைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சுடுதுங்கம்மா" என்றாள். "காலு சுடுது."

நான் சுவரின் உட்புறத்தில் முதுகைச் சாய்த்தேன். அது உலர்ந்து இதமாக இருந்தது. அந்தச் சுவரில் எத்தனை பேர் வீட்டு விதைநெல் இருந்தது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து போயிருந்தேன்.

அந்தக் குழந்தை மார்கழியைத் தாண்டியது. பதின்மூன்று மார்கழியைத் தாண்டியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு எதைப் பிரிப்பதற்கு முன்பும் உன் குரல் வருகிறது. எல்லா நாளும் அதைக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். பொய் எழுத மாட்டேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் போன வருஷம் மருமகள் என் பூஜை விளக்கை இடம் மாற்றி வைத்தபோது, அதைத் திருப்பி எடுத்து வைக்கும் முன் ஏன் என்று கேட்டேன். அவள் தகப்பனார் இறந்த ஊர் இருக்கிற திசையைப் பார்க்கும்படி வைத்திருந்தாள். விளக்கு இப்போதும் அங்கேயேதான் இருக்கிறது. அந்தச் சுவரிலிருந்து காளை விட்டுவைத்த ஒரு முளையை என் தோத்திரப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். பொடியாகிப் போய்விட்டது. உன் "கேட்டியா" மட்டும் இருக்கிறது.

இப்போது கல்லுக்கு வருகிறேன். செல்லியின் சீட்டைப் படித்ததும், "என் பெயரை உடனே எடுத்துவிடவும்" என்று ஊர்க்கவுண்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அழகான கையெழுத்து, ஒரு பிழை இல்லை. நேற்று அதைத்தான் தபால் ஆபீசுக்கு எடுத்துப் போனேன். அந்த மனிதர் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து முகவரியைச் சரிபார்த்தேன். அப்போது நீ, "கேட்டியா?" என்றாய்.

கேட்கவில்லை. அந்தப் பத்தொன்பது வீட்டுக்காரர்களும் நான் அரிவாளோடு நின்றதைப் பார்த்தவர்கள். பார்த்துவிட்டும் என் பெயரைக் கல்லில் வெட்டச் சொல்கிறார்கள் என்றால் அதற்குள் ஏதோ ஒரு பிடி கதிர் வைத்திருக்கிறார்கள். நான் மறுபடியும் கயிற்றை அறுக்கப் போனேன். கடிதத்தை மடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி, அதை அடுப்பில் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

செல்லி, இனி வருவது உனக்கு. நிறுத்தி நிதானமாக வாசி. நான் கல்லைத் தடுக்கவில்லை. கல்லில் என் பெயரை ஏன் வைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பத்தொன்பது வீட்டிலும் கேட்டு, அவர்கள் சொன்னபடியே உன் கையால் எழுதி அனுப்பு. முகவரி எழுதிய தபால் கார்டு இரண்டு இத்துடன் வைத்திருக்கிறேன். போதாவிட்டால் சொல், இன்னும் அனுப்புகிறேன்.